காதைப் பொத்தாமல் இரண்டாம் குரல் பாடுவது எப்படி?

ஒரே மெட்டைச் சேர்ந்து பாடப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். அடுத்தது இரண்டு குரல்: ஒரு குழு மெட்டைப் பாட, இன்னொரு குழு அதே நேரத்தில் வேறொரு வரியைப் பாட வேண்டும். கோத்தகிரியில் என் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுதோறும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. இரண்டாம் குரல்காரர்கள் காதில் விரலை விட்டுக்கொண்டு தங்கள் வரியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். விரலை எடுத்த மறுகணம் மெட்டோடு போய்விடுவார்கள்.

முதலில் தொண்டை. மார்கழிக் குளிரில் எடுத்த எடுப்பில் மேல் ஸ்தாயி வேண்டாம். 5 நிமிடம் வாயை மூடி ‘ம்’ என்று நடுக்குரலிலிருந்து கீழே இறங்கினால் போதும்.

சுருதிப்பெட்டியை ஒரு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய C) வையுங்கள். குரல் உடைந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். பாதி வகுப்பு ‘ச’வை விடாமல் பிடிக்க, மறுபாதி ச, ரி, க என்று ஏறட்டும். ‘ரி’யில் உரசும், ‘க’வில் இனிக்கும். அந்த உரசலிலேயே 4 எண்ணிக்கை நிற்க வையுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உரசலைக் கேட்டும் நகராத பிள்ளையைப் பற்றி இனிக் கவலையில்லை.

அடுத்து மோகன ராகம். இதில் அரைச்சுர இடைவெளி, அதாவது ஒட்டி நின்று உரசும் மிகச் சிறிய இடைவெளி, கிடையாது. யார் தவறினாலும் காதைக் கீறாது. முதல் குழு ‘ச ரி க ப த ச’ என்று நிதானமாக ஏறி, ‘க’வைத் தொடும்போது இரண்டாம் குழு ‘ச’வில் தொடங்க வேண்டும். பிறகு ‘ப’வுக்கு ‘ரி’, ‘த’வுக்கு ‘க’, மேல் ‘ச’வுக்கு ‘ப’. முதல் குழு அங்கேயே காத்திருக்க, மற்றவர்கள் வந்து சேர்வார்கள்.

இனிப் பாட்டு. சங்கராபரணத்தில் ‘க ம ப’ மேலே, ‘ச ரி க’ கீழே. கீழ்க்குரலை முதலில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். நான் பல ஆண்டுகள் மெட்டை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளைகள் அதை விட்டு வர மறுக்கிறார்களே என்று எரிந்து விழுந்தேன். தேவாலயத்தில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிப் பழகியவர்கள் இருந்தால், ஒரே இடத்தில் குவிக்காமல் வரிசைக்கு ஒருவராக நிறுத்துங்கள்.

மூச்சைப் பக்கத்திலிருப்பவரோடு ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. நெடிலின் நடுவே மெல்ல விலகி, மெல்லத் திரும்பினால் யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கினால் நான் பாட்டை நிறுத்திவிடுவேன். அடுத்த குரல் கேட்காவிட்டால் பிள்ளைகள் கத்தத் தொடங்குவார்கள். அன்றைக்கு வட்டமாக நின்று சொற்களை மட்டும் தாளத்தோடு சொல்வோம். ‘நீலம்’ என்றால் ‘ல’வில் நின்று, 4ஆம் தட்டில் எல்லா உதடுகளும் ஒன்றாக ‘ம்’ என்று மூட வேண்டும். மழைச் சத்தத்தில் அதைக் கேட்க முடியாது, உதடுகளைப் பார்த்தே பிடிக்கலாம்.