கரையொதுங்கிய திமிங்கலத்தில் நஞ்சுப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி?

திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி முதல் கூட்டப்புளி வரை எந்தக் கரையில் திமிங்கலமோ ஓங்கலோ (டால்பின்) ஒதுங்கினாலும் முதல் வேலை வனத்துறைக்குத் தகவல் சொல்வது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது; அனுமதியில்லாமல் ஒரு பல்லைக்கூட எடுக்கக் கூடாது.

அனுமதி கிடைத்தபின் தாமதம் வேண்டாம். நம் வெயிலில் உடல் சீக்கிரம் ஊதிவிடும். கொழுப்பு எண்ணெயாக உருகி மணலில் இறங்கும். நாம் தேடும் டிடிடி (பூச்சிக்கொல்லி), பிசிபி (ஆலை வேதிப்பொருள்) போன்ற கொழுப்பில் தங்கும் நஞ்செல்லாம் அதோடு போய்விடும்.

வெட்டுமுன் நீளம் அளக்க வேண்டும்: மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை, நேர்கோட்டில். அடுத்து ஆணா, பெண்ணா என்று பார்க்க வேண்டும். பிறப்புறுப்புப் பிளவின் இரு பக்கமும் சிறு பால்பிளவுகள் இருந்தால் பெண். இதை எழுதாமல் விட்டால் மாதிரி பாதி வீண். மிதவையுயிரிலிருந்து சாளைக்கு, சாளையிலிருந்து சூரைக்கு, அங்கிருந்து திமிங்கலத்துக்கு என்று நஞ்சு படிப்படியாகக் கூடுகிறது. ஆணுக்கு வயது ஏற ஏற அது சேர்ந்துகொண்டே போகும். தாயோ பால்வழியாகத் தன் சுமையைக் குட்டிக்கு இறக்கிவிடுகிறது, அதிலும் தலைச்சன் குட்டிக்குத்தான் அதிகம். பெண்ணிடம் அளவு குறைவு என்பதற்காகக் கடல் சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது.

கையுறை, முகக்கவசம் கட்டாயம். புருசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்கும் தொற்றும். முதுகுத்துடுப்புக்குக் கீழே, விலாப்பக்கத்தில், 5 செ.மீ. சதுரமாகத் தோலிலிருந்து தசை தெரியும்வரை முழு ஆழத்துக்குக் கொழுப்பை வெட்டுங்கள். மேலடுக்கும் உள்ளடுக்கும் ஒரே அளவு நஞ்சைத் தாங்குவதில்லை. மேலாகச் சீவி எடுத்தால் கணக்குத் தப்பும். கொழுப்பின் தடிமனையும் குறியுங்கள். பட்டினியில் மெலிந்த உடலில் கொழுப்பு கரைந்து நஞ்சு செறிந்திருக்கும்.

அசிட்டோனிலும் பின் ஹெக்சேனிலும் கழுவி உலர்த்திய அலுமினியத் தாளில் கொழுப்பைச் சுற்றிக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை நேரடியாகப் பட்டால் அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருள் மாதிரிக்குள் இறங்கும். பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்களைச் சோதிப்பதற்கு இது தலைகீழ்: ஈரல், சிறுநீரகம், தசை மூன்றையும் சுத்தமான பிளாஸ்டிக் பையில் தனித்தனியே போட வேண்டும், அலுமினியத் தாள் ஆகாது. பாதரசத்துக்கு ஈரலும் தசையும் வேண்டும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். கணவாய் தின்னும் இனங்களில் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

1973இலும் 2016 ஜனவரியிலும் மணப்பாட்டுக் கரைப்பக்கம் கூட்டமாக ஏறிய பைலட் திமிங்கலங்கள் கணவாய் தின்னிகளே. அத்தனை உயிர் போகும் நேரத்தில் மாதிரியும் கெட்டால் அது இரண்டாவது இழப்பு.

உடலுறுப்புகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் மாதிரியைப் போடவே கூடாது. ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் மைனஸ் 20 டிகிரியில் உறையவையுங்கள். தேதி, இடம், இனம், நீளம், ஆணா பெண்ணா எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் அழியும். அதே கரையில் திறந்து மூடிய, மாதிரி வைக்காத வெறும் அலுமினியத் தாள் ஒன்றும் கூடவே போகட்டும். அதிலும் நஞ்சு தெரிந்தால், அது தாளிலிருந்தோ கரைக்காற்றிலிருந்தோ வந்தது என்று ஆய்வகம் கழித்துக்கொள்ளும்.