மிலானிலிருந்து கோமோ ஏரி: ஒரே நாளில் ரயிலிலும் படகிலும் போய் வருவது எப்படி?

வடக்கு இத்தாலியின் லொம்பார்தியாவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் மிலானில்தான் தங்குகிறார்கள். ஏரியும் மலையும் அங்கிருந்து ஒரு மணி நேர ரயில் தூரம்தான். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எந்த ஊர்?

ஏரியின் பெயர் கோமோ என்பதால் நேரே கோமோ நகருக்குப் போய்விடாதீர்கள். ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாக வைத்தது போன்ற ஏரி இது. கோமோ நகரம் அதன் ஒரு காலின் அடிநுனியில் இருக்கிறது. மூன்று கிளைகளும் கூடும் நடுப்பகுதிதான் அழகு: வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ. கோமோவிலிருந்து சாதாரணப் படகில் பெல்லாஜியோ போகவே ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். அதனால் என் தேர்வு, மிலானிலிருந்து நேரே ரயில் போகும் வரென்னா.

படி 2: டிக்கெட்

மிலானோ சென்ட்ராலே நிலையத்து மெஷினில் வாங்குங்கள். இது ரீஜனல் ரயில், அதாவது வட்டார ரயில். இருக்கை எண் கிடையாது, முன்கூட்டி வாங்கினால் விலை குறையவும் செய்யாது. திரும்பி வரும் டிக்கெட்டையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்; வரென்னா மிகச் சிறிய நிலையம்.

படி 3: ரயிலைக் கண்டுபிடிப்பதும் முத்திரையும்

நான் தடுமாறியது இங்கேதான். பெரிய அறிவிப்புப் பலகையில் 'வரென்னா' என்று தேடிக்கொண்டே நின்று ஒரு ரயிலை விட்டேன். பலகையில் கடைசி ஊரின் பெயர்தான் வரும். தீரானோ அல்லது சோந்திரியோ என்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் 'பினாரியோ' என்பதன் கீழ் இருக்கும் எண்தான் பிளாட்பாரம்.

அடுத்த ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொரு சிக்கல். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே பிளாட்பாரத்தின் முனையில் இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து, தேதியும் நேரமும் அச்சாக வேண்டும். பணம் கட்டி வாங்கிய டிக்கெட்தானே என்று நினைத்திருந்தேன். முத்திரை இல்லையென்றால் அபராதம் உண்டு. பரிசோதகர் அன்று எச்சரித்து விட்டுவிட்டார். எல்லோரும் அப்படி விடுவார்கள் என்று நம்பாதீர்கள். பெட்டி வேலை செய்யவில்லையா? வேறொன்றைத் தேடுங்கள். திரும்பும் டிக்கெட்டில் இப்போதே முத்திரை குத்திவிடக் கூடாது, அது மாலைக்கு.

படி 4: இடப்பக்கம் உட்காருங்கள்

லெக்கோ தாண்டியதும் ஏரி இடது ஜன்னலை ஒட்டியே வரும். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் வரென்னா-எசீனோ என்று தொடங்கும்.

படி 5: படகு

நிலையத்திலிருந்து துறைக்கு இறங்கி நடந்தே போகலாம். பெல்லாஜியோவுக்குக் கால் மணி நேரம்தான். கார் ஏற்றும் பெரிய படகைத்தான் நான் எப்போதும் சொல்வேன். மேல்தளத்தில் காற்றில் நின்றபடி இரு கரையையும் பார்க்கலாம். ஒரே துறையிலிருந்து மெனாஜியோவுக்கும் படகு போகிறது, ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே போட்டோ எடுத்து வையுங்கள், அது பருவத்துக்குப் பருவம் மாறும்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர், மொபைல் ஆப்பில் வாங்கிய டிக்கெட்டுக்கும் முத்திரை வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், ஆனால் ரயில் ஏறும் முன் ஆப்பிலேயே 'செக்-இன்' செய்ய வேண்டுமா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் போன நாளில் 'ஷோப்பெரோ', அதாவது வேலைநிறுத்தம். இத்தாலியில் இது அடிக்கடி நடக்கும். வார நாளாக இருந்தால் பொதுவாகக் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச ரயில்கள் ஓடும். அதற்குள் போய்த் திரும்பப் பாருங்கள்.

அதே ரயிலில் தீரானோ வரை போய், அங்கிருந்து ஆல்ப்ஸ் மலை ஏறி சுவிட்சர்லாந்துக்குப் போகும் பெர்னினா சிவப்பு ரயிலையும் அன்றே பார்த்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். 429 மீட்டரிலிருந்து 2253 மீட்டர் உயரத்துக்குப் பல்சக்கரம் இல்லாமலே ஏறுகிற பாதை அது. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.