ஃபீஸ் கட்டக் காசில்லை என்றால் கேரம் போர்டு என்ன செய்யும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வட சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். படகில் கூலிக்குப் போகிறவருக்கு வருமானமே இல்லை. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள் என்று அந்தத் துறைமுகத்தை நம்பிய எல்லோருக்கும் கை சுருங்கிவிடும். அதே நாட்களில்தான் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் செமஸ்டர் தேர்வு. அது முடிந்த கையோடு அடுத்த வருஷத்து ஃபீஸ். அரசு தரும் தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் வாடகைக்குமே சரியாகப் போய்விடும்.

அப்போது வீட்டில் முதலில் விழுகிற பேச்சு இதுதான்: "இன்னாத்துக்குடா அந்த போர்டயே கட்டினு அழுவுற? வுட்டுட்டு போய் படி." பையனும் மறுநாளிலிருந்து கேரம் கிளப் பக்கம் போகமாட்டான். பெற்றவர்களுக்கு ஏதோ நடவடிக்கை எடுத்த நிம்மதி. ஆனால் இதில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. பணம் போகிற இடம் வேறு, நாம் அடைக்கிற இடம் வேறு. கஷ்ட காலத்தில் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

காசு கேட்காத பொழுதுபோக்கை முதலில் வெட்டுவது

வட சென்னையில் கேரமும் கால்பந்தும் குத்துச்சண்டையும் இவ்வளவு ஊன்றியதற்கு ஒரு காரணம், அவை பெரிதாகக் காசு கேட்பதில்லை என்பது. போர்டு கிளப்புடையது. பவுடர் பொதுவில் வாங்குவது. சொந்தமாக வேண்டியது காய்களை அடிக்கிற ஒரு ஸ்ட்ரைக்கர்; தொலைக்காமல் இருந்தால் வருஷக்கணக்கில் வரும். வியாசர்பாடியில் பந்து ஆடும் பையனுக்குச் செலவு என்றால் ஸ்டட்ஸ் எனும் கால்பந்து ஷூதான். அதையும் பெரியமேட்டுக் கடைகளில் பேரம் பேசி வாங்கலாம்.

கிளப்பை நிறுத்தினால் மிச்சமாகும் நேரமாவது படிப்புக்குப் போகிறதா? ஒரே அறை வீடு. ஐந்து பேர். ஆறு மணிக்கு மேல் டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும், பக்கத்து வீட்டுச் சண்டை சுவரைத் தாண்டி வரும். பையன் மாடிப்படியில் போய் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். கேரமுக்குப் போன ஒன்றரை மணி நேரம் ரீல்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். படிக்க இடம் இல்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை. அதற்குப் பக்கத்துக் கிளை நூலகம், கல்லூரி லைப்ரரி, கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் படிப்பு மையம் போன்ற இடங்களைத் தேடுவதுதான் வழி. நேராகக் கல்லூரியிலிருந்து அங்கே போய்ப் படித்துவிட்டு, கிளப்புக்கு வந்து நாலு போர்டு ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

குறைக்க வேண்டியது ஒன்று உண்டு. விடிய விடிய நடக்கும் நைட் டோர்னமென்ட். என்ட்ரி கட்ட வேண்டும், மறுநாள் வகுப்பும் போகும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே மாஸ்டரிடமோ கேப்டனிடமோ "நான் இந்த ரெண்டு மேட்சுக்கு வரல அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால்தான் டீமில் இடம் போகும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் இருக்கிறது. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் பக்கம் எல்லாத் தெருவிலும் ஒரே பெருமை. அதைக் காட்டி "நானும் இதிலேயே பார்த்துக்கிறேன்" என்று கல்லூரியை விடுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: விளையாட்டு சோறு போடும் வழிகளில் பல படிப்பு வழியாகத்தான் போகின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம் என்று எதைக் கேட்டாலும் மார்க் ஷீட்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். எந்த ஆட்டம், எந்த நிலைச் சான்றிதழ் செல்லும் என்பதையும் முன்கூட்டியே அந்தந்தச் சேர்க்கை அல்லது வேலைக்கான விவரக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சான்றிதழ்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின. மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க அரசு முகாம் போட்டது. மாவட்டப் போட்டியில் ஜெயித்த சான்றிதழுக்கு நகல் தர யார் இருக்கிறார்கள்? அன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், எல்லாப் பொழுதுபோக்கும் கேரம் ஆகாது. கேமிங்குக்காகத் தவணையில் வாங்கிய போன், பைக்குக்கு மாற்றிய சைலன்சர், ரீல்ஸ் எடுக்க வாங்கிய கேமரா இவையெல்லாம் மாதாமாதம் காசு கேட்பவை. வீட்டில் வெட்ட வேண்டும் என்றால் கத்தியை இங்கே வையுங்கள்.

தெரிந்த தேதியை மறந்துவிட்டுத் தண்டலுக்குப் போவது

ஃபீஸ் தேதி ஜூனில் வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும். தடைக்காலமும் வருஷா வருஷம் அதே தேதிதான். ஆனாலும் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் வீட்டில் விஷயமே உடையும். அந்த அவசரத்தில் கைக்கு எட்டுகிற ஒரே பணம் தண்டல், அதாவது தினமும் வந்து வசூலிக்கிற வட்டிக்கடன்.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்றால் பிடித்தம் போக கையில் வருவது 9,000. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தண்டல்காரர் சாயங்காலம் பைக்கில் வந்து, இறங்கக்கூடச் செய்யாமல், அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். "ஆயிரம் ரூபாதானே வட்டி, ரூபாய்க்குப் பத்துப் பைசா மாதிரி" என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 ரூபாய் முழுசாக 100 நாளும் உங்களிடம் இருக்கவில்லையே. முதல் நாளிலிருந்தே திருப்பித் தருகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது அதில் பாதிதான். அப்படிக் கணக்கிட்டால் வருஷத்துக்குச் சுமார் 80 சதவீத வட்டி. அதோடு, வருமானம் இல்லாத தடைக்காலத்தில்தான் அந்தத் தினசரி 100 ரூபாயும் கட்ட வேண்டியிருக்கும். அதைக் கட்ட இன்னொரு தண்டல். இப்படித்தான் ஒரு செமஸ்டர் ஃபீஸ் ஒரு வருஷக் கடனாகிறது.

லோன் ஆப் இதைவிட மோசம். ஏழு நாள் தவணை, முன்கூட்டியே பிடிக்கும் 'பிராசசிங்' காசு, கடைசியில் போனில் உள்ள எல்லோருக்கும் மிரட்டல் மெசேஜ். உங்கள் கான்டாக்ட் பட்டியலை எடுக்கவே கூடாது என்பது 2022இலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. கான்டாக்ட் அனுமதி கேட்கிற ஆப்பா, அங்கேயே அழித்துவிடுங்கள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழு, வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக்கடன், வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகக் கல்விக்கடன். கல்விக்கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் தர வழி இருக்கிறது. ஆனால் இவை எதுவும் ஒரே நாளில் கிடைக்காது. பிப்ரவரி, மார்ச்சில் கேட்டால்தான் ஜூனுக்குக் கைக்கு வரும்.

வரவேண்டிய பணம் வராததைக் கவனிக்காமல் இருப்பது

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால், பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்) திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி உதவித்தொகைகள் தனி; குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். இதெல்லாம் பலருக்கும் தெரியும். சிக்கல் வங்கிக் கணக்கில்.

அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்; அது ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். ஐந்தாம் வகுப்பில் பள்ளியில் ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு, போன் கடைக்காரர் ஆரம்பித்துக் கொடுத்த பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு என்று எங்கேயாவது உறங்கிக்கொண்டிருக்கும். "எனக்கு மட்டும் வரல" என்று அலுத்துக்கொள்ளும் முன் வங்கிக்குப் போய் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது (சீடிங்) என்று கேளுங்கள்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இ-சேவையில் விண்ணப்பிப்பவை. ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை.

ரயில் பாஸையும் விட்டுவிடாதீர்கள். எண்ணூர், கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிற பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரிப் பையன்களுக்குப் பாதி விலை. கல்லூரியில் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சம்பாதிக்கப் போய் செமஸ்டரை விடுவது

கேட்டரிங் போவது தவறே இல்லை. முகூர்த்த நாளில் பந்தியில் பரிமாறினால் சாப்பாடும் கிடைக்கும், கையில் காசும் கிடைக்கும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தங்கள் குவியும்போது நவம்பர் செமஸ்டர் வந்து நிற்கும். விடிகாலை மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போனவன் முதல் பீரியடில் உட்கார்ந்தாலும் தூங்குவான். 75 சதவீத வருகைக்குக் கீழே இறங்கினால் வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டுகிற கண்டொனேஷன் ஃபீஸ், இன்னும் இறங்கினால் தேர்வே எழுத முடியாது. சம்பாதித்ததில் ஒரு பகுதி அந்த ஃபீஸுக்கே போகும். ஞாயிறு முகூர்த்தத்துக்கு மட்டும் வருகிறேன் என்று மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தொடவே கூடாத 'வேலை' ஒன்று இருக்கிறது. "உன் அக்கவுன்ட்டைக் கொடு மச்சி, பணம் வரும், எடுத்துக் குடு, கமிஷன் தர்றேன்." இப்படி வருவது யாரையோ ஏமாற்றிய பணமாகத்தான் இருக்கும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில். கணக்கு முடங்கும், ஸ்காலர்ஷிப்பும் அதே கணக்குக்கு வருவதாக இருந்தால் அதுவும் போச்சு. கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள் என்றால் மறைக்காமல் வங்கியிடம் சொல்லிவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது

ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று துறைத் தலைவரிடம் சொல்ல வெட்கம். அதனால் வகுப்புக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். வருகையும் போகிறது, ஹால் டிக்கெட்டும் போகிறது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று பொதுவாக எழுதினால் யாரும் இரண்டாவது முறை படிக்கமாட்டார்கள். அப்பா என்ன வேலை, எந்த மாதத்திலிருந்து வருமானம் இல்லை, இப்போது எவ்வளவு கட்ட முடியும், மீதியை எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள் என்று நாலு வரி போதும். வருமானச் சான்றிதழ் நகலைக் கூட வையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு நேரத்தில் கவுன்டரில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.