கொரோனாவில் போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர: நான்கு குப்பியும் ஒரு நோட்டும்

காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா, பால் தீயுது, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பாத்திரம் அடிப்பிடித்துக் கருகிக் கிடந்தது. அதற்குப் பத்தடி தூரத்தில் இருந்த எனக்கு ஒன்றுமே வரவில்லை. மூக்கடைப்பு இல்லை, சளி இல்லை, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. வாசனை மட்டும் அடியோடு போயிருந்தது.

அது ஓரளவு திரும்பி வர எனக்கு 11 மாதம் ஆனது. நான் மருத்துவர் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை நாள் தவறாமல் செய்தவள். இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்கு, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதல் வேலை வீட்டைப் பாதுகாப்பாக்குவது. சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றை அதில் கலக்கிறார்கள். மூக்கு வேலை செய்யாதவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. அதனால் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியும் புகை அலாரமும் வாங்கி மாட்டுங்கள். சமையல் முடிந்ததும் வால்வை மூடுங்கள். அடுப்பில் எது வைத்தாலும் டைமர் வைத்து, அதைச் சட்டைப்பையிலோ இடுப்பிலோ கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மீந்த உணவை எடுத்து வைக்கும் டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள். கெட்டுப்போனதா என்று சந்தேகம் வந்தால், வீட்டில் வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

அடுத்து, போனது வாசனையா ருசியா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் கொஞ்சம் சர்க்கரை, அப்புறம் உப்பு, அப்புறம் எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாக வையுங்கள். நடுவில் வாயைக் கொப்பளியுங்கள். இனிப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் தெரிந்தால் நாக்கு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. "நாக்கு செத்துப்போச்சு" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் கதை. மெல்லும்போது உணவின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அந்த வழி அடைபட்டால் எதைத் தின்றாலும் சப்பென்று இருக்கும். மிளகாயின் எரிச்சலும் புதினாவின் குளிர்ச்சியும் வேறொரு நரம்பு வழியாகப் போவதால், அவை தெரிவதை வைத்து வாசனை வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். கொரோனாவில் நாக்கின் சுவையுணர்வே நேரடியாகக் குறைவதும் உண்டு. அப்படியென்றால் இந்தச் சோதனையிலேயே மூன்றும் மங்கலாகத் தெரியும். மருத்துவரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தபோதுதான் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது. கொரோனா வைரஸ் உடலுக்குள் நுழையும் வாசல், வாசனை நரம்புச் செல்களில் அநேகமாக இல்லை. அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களில் இருக்கிறது என்று 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். துணைச் செல்கள் சேதமானால் நரம்புச் செல்களும் செயலிழக்கின்றன. ஆனால் மூக்கின் உச்சியில் இருக்கும் அந்த நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வாசனை தானாகத் திரும்பிவிடுகிறது. சிலருக்குத்தான் மாதக்கணக்கில் இழுக்கும். அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009-இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனை, காலையும் இரவும் முகர வேண்டும், 12 வாரம். கேட்க இவ்வளவுதான்.

வாயகன்ற, மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிறக் கண்ணாடியாக இருந்தால் நல்லது, வெளிச்சத்தில் எண்ணெய் சீக்கிரம் கெடாது. அடியில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை எண்ணெயைச் சில சொட்டு விடுங்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் கிடைக்காவிட்டால் புதிதாகச் சீவிய எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு, காப்பித்தூள் போதும். அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் தோலில் படக்கூடாது, மூக்குக்குள் விடவே கூடாது. யூகலிப்டஸ் தைலம் உள்ளே போனால் குழந்தைகளுக்கு ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

குப்பியை மூக்குக்குக் கொஞ்சம் கீழே பிடியுங்கள். ஒரே இழுப்பாக இழுக்காமல், முயல் முகர்வது போலச் சின்னச் சின்னதாக 20 விநாடி முகருங்கள். அந்த நேரம் முழுக்க அந்தப் பொருளையே நினையுங்கள். எலுமிச்சை என்றால், நகத்தால் தோலைக் கீறும்போது முகத்தில் தெறிக்கும் அந்தத் துளியை நினையுங்கள். நான் பல் துலக்கிக்கொண்டே அவசரமாக முகர்ந்த வாரங்கள் எனக்கு வீண் என்றுதான் தோன்றுகிறது. உட்கார்ந்து, பேச்சில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். ஒரு குப்பிக்கும் அடுத்ததற்கும் அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். மொத்தம் நான்கு நிமிடம்கூட ஆகாது.

ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். தேதி, குப்பியின் பெயர், பத்துக்கு எத்தனை, ஒரு சொல். என் நோட்டில் முதல் 40 நாளும் பூஜ்யம்தான். 41-ஆம் நாள் கிராம்புக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: "வாசனை இல்லை. ஆனால் காலிக் குப்பி மாதிரியும் இல்லை." அன்று ஒரு காலிக் குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மகளை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லி, கண்ணை மூடிப் பத்துத் தடவை பார்த்தேன். எட்டுத் தடவை சரியாகச் சொன்னேன். முன்னேற்றம் அவ்வளவு மெல்லிசாக வரும். எழுதி வைக்காவிட்டால் நழுவிவிடும், நாமும் பயனில்லை என்று பாதியில் விட்டுவிடுவோம்.

மூன்றாம் மாதம் காப்பி வேறு மாதிரி மணக்கத் தொடங்கியது. எரிந்த ரப்பரும் அழுகியதும் கலந்த நாற்றம். வெங்காயம் வதக்கினாலும் அதே நாற்றம், பற்பசையிலும் அதே நாற்றம். அன்று உட்கார்ந்து அழுதேன். இனி இப்படியேதான் என்று நினைத்துவிட்டேன். இது பலருக்கும் வரும் கட்டம்: வாசனை திரிந்து தெரிவது. புதிதாக முளைக்கும் நரம்புகள் இன்னும் முழுமையாக இணையாததால் இப்படி ஆகிறது என்று மருத்துவர் விளக்கினார். பெரும்பாலும் மீட்சியின் வழியில் வருவதுதான். அதனால் பயிற்சியை நிறுத்தாதீர்கள். தாங்க முடியாத குப்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காப்பி, வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த இறைச்சி ஆகியவைதான் அதிகம் படுத்தும். சூடாகச் சாப்பிடாமல் ஆறவிட்டோ குளிரவைத்தோ சாப்பிட்டால் ஆவி குறையும், நாற்றமும் குறையும். வறுத்ததைவிட வேகவைத்தது சுலபமாக இறங்கும். வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சமைத்தவர் முகம் வாடாமலும், நீங்கள் பட்டினி கிடக்காமலும் இருக்க அது ஒன்றே வழி.

திரியாமல் சப்பென்று மட்டும் இருக்கிறவர்கள் புளிப்பு, மொறுமொறுப்பு, சூடும் குளிர்ச்சியும் கலந்தது என்று மாற்றிப் பாருங்கள். உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டு ஈடுகட்டாதீர்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ இருந்தால் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரையை யார் பேச்சையும் கேட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். துத்தநாகம் கலந்த மருந்தை மூக்குக்குள் விடுவது வாசனையை நிரந்தரமாகவே போக்கிவிடக்கூடும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதென்றால் கொதிக்கவைத்து ஆறிய நீரில் மட்டும் செய்யுங்கள்.

நான்கு வாரத்தில் வாசனை திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, இரத்தக் கசிவு, தலையில் அடி, பார்வைக் குறைவு என்று ஏதாவது சேர்ந்திருந்தால் நான்கு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். சாப்பாட்டிலும் மனிதர்களிடத்திலும் பிடிப்பே போய்விட்டதென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எனக்கு ஐந்தாம் மாதம் அப்படித்தான் இருந்தது. சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது.

12 வாரம் முடிந்ததும் நான்கு வாசனையையும் மாற்றிப் புதிய நான்கோடு தொடருங்கள். நான் மல்லிகை, ஆரஞ்சு, புதினா, ரோஸ்மேரி என்று மாற்றினேன். எண்ணெய் பழசானால் பஞ்சோடு மாற்றிவிடுங்கள். மணம் வடிந்த குப்பியை முகர்ந்துவிட்டு மூக்கைக் குறை சொல்வதில் பொருளில்லை.

11-ஆம் மாதம் ஒரு மாலை மகளுக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஈர முடியின் மணம் வந்தது. துண்டை அவள் தலையிலேயே விட்டுவிட்டுப் போய் நோட்டை எடுத்தேன். குப்பியின் பெயர் எழுதும் இடத்தில் அவள் பெயரை எழுதினேன். பத்துக்கு ஆறு.