இங்கிலீஷில் முதல் வார்த்தை வர நான் செய்தது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரப்பிரிவில் இருக்கிறேன். பெங்களூரா மாங்காய் லோடு லோடாக இறங்கும் சீசனில், சரக்கு வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். இலக்கணமெல்லாம் தெரியும். ஆனால் ஆளைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆளுக்குத் தகுந்தபடி ஒரு வரியை முன்கூட்டியே முடிவு செய்து, ஷிப்டுக்குப் போகும் வழியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். முதல்முறை பார்ப்பவரிடம் 'குட் மார்னிங், நைஸ் டு மீட் யூ', கூடவே என் பெயர். அவரே அடுத்த வருடம் வந்தால் 'நைஸ் டு சீ யூ அகெய்ன்'. இரவு எட்டு மணிக்கு வந்து இறங்கினாலும் 'குட் ஈவினிங்'தான். 'குட் நைட்' கிளம்பும்போது.

'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் வீட்டு நிலவரம், மழை நிலவரம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபைன், தேங்க்யூ. ஹவ் அபவுட் யூ?' போதும். அந்தத் திருப்பிக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில்தான் பேச்சே தொடங்குகிறது. ஓசூரிலிருந்து வரும் சக வேலைக்காரப் பையன்களிடம் வெறும் 'ஹாய்'.

அப்புறம் கை குலுக்குவது. பெண்களாக இருந்தால் அவர்கள் கை நீட்டும்வரை நான் காத்திருப்பேன். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. இப்போது வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் கார் வந்து நின்றால் மேனேஜர் என்னைத்தான் அனுப்புகிறார்.