பவர் பெட்ரோலா, சாதாவா? டேங்க் மூடியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஒரு பழைய நூறு சிசி பைக் பங்க்கில் எனக்கு முன்னால் நின்றது. "பவர் போடட்டுமாண்ணே? பிக்கப் நல்லா இருக்கும், மைலேஜும் குடுக்கும்" என்றார் பெட்ரோல் போடும் தம்பி. பால்காரர் ஒரு நொடி யோசித்தார். "சரி, இருநூறுக்குப் போடுப்பா." சோறு போடும் வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் தலையாட்டினார். ஆனால் அந்த இருநூறு ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்தது வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவான பெட்ரோல்தான். அந்த வண்டிக்கு அதனால் வேறு பலன் இல்லை.

பிராண்ட் பெயரில் கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் பெட்ரோலைத்தான் பங்க்கில் 'பவர்' என்கிறார்கள். குழப்பம் அந்தப் பேச்சு வழக்கிலேயே தொடங்கிவிடுகிறது. 91, 95, 100 என்று பம்பில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணைப் பார்த்ததும், எண் கூடினால் பலமும் கூடும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த எண் சொல்வது பெட்ரோலின் பொறுமையை. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை நெருக்கப்பட்டுச் சூடாகிறது. பிளக் பொறி விட்ட பிறகுதான் அது எரிய ஆரம்பிக்க வேண்டும். தீ பிளக்கிலிருந்து கிளம்பி மூலை வரைக்கும் சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்குள் மூலையில் இருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால் 'டொக் டொக்' என்று இன்ஜின் தட்டும். அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். அப்படிப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இந்த இரண்டையும் கலந்த கலவையோடு சோதனை இன்ஜினில் ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். ஒரு லிட்டருக்குள் இருக்கும் எரிசக்திக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

உங்கள் இன்ஜின் கலவையை எவ்வளவு நெருக்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு பொறுமை தேவை என்று தெரியும். அதை வண்டியை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கார் என்றால் பெட்ரோல் ஊற்றும் இடத்தின் மூடிக்கு உள்பக்கம் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பைக் என்றால் வண்டியோடு கொடுத்த மேனுவலைத் தேடி எடுங்கள். 'குறைந்தபட்சம் 91' என்று இருந்தால் சாதா பெட்ரோல் போதும். அழுத்த விகிதம், அதாவது கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு, 12-க்கு 1 என்று இருக்கிறதே, பிரீமியம்தான் போட வேண்டும் என்று தாங்களாகவே முடிவெடுக்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விகிதம் இருந்தும் சாதா பெட்ரோலிலேயே ஓடும்படி செய்த சிறிய கார் இன்ஜின்கள் உண்டு. ஸ்டிக்கர் சொல்வதை நம்புங்கள்.

இந்தியாவில் இன்னொரு விஷயமும் மாறியிருக்கிறது, அது பலர் கவனத்துக்கு வரவே இல்லை. வாகனப் புகைக்கான பழைய பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ் 2) விதி இருந்த காலத்தில் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 88. பிறகு 91 ஆனது. இப்போது பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலின் ஆக்டேன் 108-க்கும் மேல் என்பதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேன் 95-ஐத் தொடுகிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. அப்படியென்றால், 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதற்கு இருந்த காரணம் முன்பைவிட இன்னும் மெலிந்துவிட்டது.

காசு விஷயத்துக்கு வருவோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பைக், லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிறது என்றால் 20 லிட்டர் வேண்டும். பிரீமியத்துக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்தால் மாதம் 160, வருடத்துக்கு 1,920 ரூபாய். இரண்டு தடவை நல்ல ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டரும் புதிதாகப் போட்டுவிடலாம். வண்டிக்கு உண்மையிலேயே நல்லது செய்யும் செலவு அது. அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதி வரி என்பதும் நிறைய பேருக்குத் தெரியாது. 2021 பட்ஜெட்டில் சாதா பெட்ரோலுக்கு அடிப்படைக் கலால் வரி லிட்டருக்கு 1.40 ரூபாய், பிராண்டட் பெட்ரோலுக்கு 2.60 ரூபாய் என்று வைத்தார்கள்.

தேவையில்லாத இந்தப் பிரீமியம் செலவு அமெரிக்காவிலும் நடக்கிறது. அங்கே ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல் சோதித்துப் பார்த்தது. சாதா பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் பிரீமியம் ஊற்றியபோது சக்தியிலோ மைலேஜிலோ புகையிலோ சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை. தேவையில்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரே வருடத்தில் 210 கோடி டாலர் வீணாக்கியதாகவும் அந்தச் சங்கம் கணக்குச் சொன்னது.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில், பின்னால் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு ஏறும்போது என் பைக் தட்ட ஆரம்பித்தது. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். கீழே இறங்கியதும் நான் செய்த முதல் வேலை பிரீமியம் பெட்ரோல் போட்டது. சத்தம் கொஞ்சம் அடங்கியது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் இப்படியே போனது. அப்புறம் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முனை சாம்பல் பூத்து வெளுத்துப் போயிருந்தது. "இது இந்த வண்டி பிளக்கே இல்ல தம்பி, சூடு தாங்குற நம்பர் வேற. உள்ள கார்பனும் படிஞ்சிருக்கு. மேட்டுல நாலாவது கியர்லயே ஏத்துனீங்களா?" ஆமாம், நாலாவதில்தான் ஏற்றினேன். சரியான பிளக், கார்பன் சுத்தம், மேட்டில் மூன்றாவது கியர். சாதா பெட்ரோலிலேயே அதற்குப் பிறகு தட்டவில்லை.

வண்டி திடீரென்று தட்டினால் பெட்ரோலை மாற்றுவது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது மாதிரி. சூடு தணியும், காரணம் உள்ளேயே இருக்கும். பிளக், கார்பன், கூலன்ட், இக்னிஷன் டைமிங், கியர் போடும் பழக்கம் என்று முதலில் இவற்றைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அதில் சேதம் பெரிது. மூடியில் 'குறைந்தபட்சம் 95' என்று தெளிவாக எழுதியிருக்கும் டர்போ கார்கள், அதிவேக பைக்குகள். இரண்டாவது கையாக வாங்கியவர்கள் மேனுவலைப் பார்க்காமல் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். இப்போதைய இன்ஜின்களில் நாக் சென்சார் இருக்கிறது. தட்டலை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப் போட்டு இன்ஜினைக் காப்பாற்றும். அதனால் சத்தம் காதில் விழாது, ஆனால் இழுவை குறையும், மைலேஜ் இறங்கும். பாரம் ஏற்றி, வெயிலில், மலையேற்றத்தில் ஓட்டினால் சென்சாராலும் ஓரளவுக்குத்தான் சமாளிக்க முடியும். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் அடிவாங்கும். இ20 கலந்த சாதா பெட்ரோலும் 95-ஐத் தொடும் என்ற கணக்கை மட்டும் நம்பி அந்த வண்டிக்காரர்கள் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 'வேண்டும்' என்று எழுதாமல் 'பரிந்துரைக்கிறோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் விருப்பம். அப்படிப்பட்ட கார்களை ஏஏஏ 2017-ல் சோதித்தபோது சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம்தான் கூடியது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: "எத்தனால் கலக்காத பெட்ரோல் வேணும், அதனால பிரீமியம் போடுறேன், சரிதானே?" பெரும்பாலும் சரியில்லை. 95 என்று விற்கும் பெட்ரோலிலும் எத்தனால் கலக்கிறது. எத்தனால் இல்லாதது என்று சொல்லி விற்பது சில 100 ஆக்டேன் வகைகளைத்தான். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 டெல்லியில் 2020 டிசம்பரில் வந்தபோது லிட்டர் 160 ரூபாய். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி இ20-க்கு ஏற்றபடி செய்யப்படாததாக இருக்கலாம்; அப்படியென்றால் பெட்ரோல் ஹோஸ், கேஸ்கெட் போன்ற ரப்பர் பாகங்களை சர்வீஸில் பார்க்கச் சொல்லி, தேவைப்பட்டால் மாற்றிவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறைவதும் உண்மைதான். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு; 95-க்கு மாறினாலும் அது திரும்பி வராது.

"மாசம் ஒரு தடவை பவர் போட்டா இன்ஜின் கிளீன் ஆகும்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிராண்டட் பெட்ரோலில் இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். ஆனால் அது தொடர்ந்து போட்டால் படிவு சேராமல் தடுக்கும் வகை. பல வருடம் படிந்ததை ஒரு டேங்க் கழுவித் தள்ளிவிடாது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க பம்பில் 87 என்று பார்த்துவிட்டு, 'நம்ம ஊர் 91-ஐவிட மட்டமா?' என்று பயப்பட வேண்டாம். அங்கே கணக்கிடும் முறையே வேறு. இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அந்த 87 நம் கணக்கில் கிட்டத்தட்ட 91, 92. இலங்கையில் 92, 95 என்றும், மலேசியாவில் 95, 97 என்றும் விற்பது நம் கணக்குத்தான்.

கடைசியாக, 95 கேட்கும் வண்டியோடு பிரீமியம் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். இரண்டையும் கலப்பதால் ஒன்றும் ஆகாது. அடுத்த பெரிய பங்க் வரை போகிற அளவுக்கு மட்டும் சாதா போடுங்கள். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகாமல், மேட்டில் ஒரு கியர் குறைத்து, நிதானமாக ஓட்டுங்கள். அடுத்த பங்க்கில் 95 போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.