இயோசினோபிலுக்கு ஆன்டிபாடி ஊசி: ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயோசினோபில் என்ற வெள்ளணு கூடி வரும் ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு ஆன்டிபாடி ஊசி ஆரம்பித்ததும், அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லோர் கண்ணும் இயோசினோபில் எண்ணிக்கைக்குத்தான் போகும். அந்த ஒரு எண்ணை வைத்தே மருந்து கேட்கிறதா இல்லையா என்று முடிவுகட்டுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. ஒவ்வொரு ஊசியும் வேலை செய்யும் விதம் வேறு.

மெபோலிசுமாப் என்ற ஊசி, ஐஎல்-5 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் இயோசினோபில் வளர அந்தப் புரதம் வேண்டும். அது கிடைக்காததால் எண்ணிக்கை இறங்கும், ஆனால் கொஞ்சம் மிச்சமிருக்கும். பென்ராலிசுமாப், இயோசினோபிலின் மேலுள்ள ஐஎல்-5 ஏற்பியிலேயே போய் ஒட்டுகிறது. இந்த ஆன்டிபாடியில் ஃபுகோஸ் என்ற சர்க்கரை இருக்காது. அதனால் என்.கே. செல்கள் (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கொல்லும் செல்கள்) அதை இறுகப் பற்றிக்கொண்டு, அது ஒட்டியிருக்கும் இயோசினோபிலைக் கொன்றுவிடும். ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று வந்தால் பதற வேண்டாம், எதிர்பார்த்ததுதான்.

டுபிலுமாப் என்ற இன்னொரு ஊசியில் எண்ணிக்கை ஏறவும் கூடும். ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு புரதங்களின் சிக்னலையும் அது தடுப்பதால், இயோசினோபிலைத் திசுவுக்குள் இழுக்கும் ஈயோடாக்சின் குறைகிறது. மஜ்ஜையில் உற்பத்தி நிற்கவில்லை. உள்ளே போக முடியாதவை ரத்தத்திலேயே தங்குகின்றன. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். அதற்குள் பயந்து ஊசியை விட்டுவிடாதீர்கள். ஆனால் கை கால் மரத்துப்போவது, தோலில் ஊதாத் தடிப்பு, மூச்சுத்திணறல் கூடுவது இவற்றில் எதுவும் கூடவே வந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே டாக்டரைப் பாருங்கள்.

எண்ணிக்கை பூஜ்யமானால் நோயும் போய்விட்டது என்பதும் தவறு. இயோசினோபில் தாக்கிய உணவுக்குழாய் அழற்சியில் பென்ராலிசுமாபைச் சோதித்தார்கள். திசுவில் இயோசினோபில் கிட்டத்தட்ட காலியானது, விழுங்கும் சிரமமோ ஒப்பீட்டுக்காக மருந்தில்லா ஊசி (பிளாசிபோ) எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. அழற்சியில் பங்குள்ள மாஸ்ட் செல், டி செல் எல்லாம் அங்கே இன்னும் இருக்கின்றனவே! அதே நோய்க்கு டுபிலுமாப் 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஊசி போட்டாச்சே என்று ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென நிறுத்துவது ஆபத்து. நாள்பட எடுத்தவர்களுக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம், புழு. நம் பக்கம் யானைக்கால் புழுவாலேயே இருமலும் இளைப்பும் வந்து இயோசினோபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000-க்கு மேல் போவதுண்டு. அதற்கு டிஇசி என்ற புழு மாத்திரை போதும், இந்த விலையுயர்ந்த ஊசி தேவையில்லை. குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருந்தால் ஸ்டீராய்டே அதை உடலெங்கும் பரவவிட்டுவிடும். முதல் ஊசிக்கு முன்பே இதற்கான பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.